விலாசமும் வீடும்



தனவணிகர் குடும்ப வரலாறு பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும்படி அழைத்தார்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். நெடுநாளாக என்னைத் தொடர்ந்து வரும் ஒரு கேள்வியை முதலில் உங்கள் முன் வைக்கிறேன். 1937 பிப்ரவரி 10ஆம் தேதி எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். வெளிநாட்டு வாணிபத்துக்கும் அந்நியச் செலாவணிக்கும் என்றே ஏற்பட்ட வங்கி அது. ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவைத் திறந்தது: காரைக்குடி, சென்னை, இரங்கூன். இரங்கூன் ஏன் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. சென்னை மாகாணத் தலைநகர், துறைமுகம். காரைக்குடி ஏன்? கடல் இல்லை, ஆறு இல்லை. மழை பெய்தால் கண்மாய் நிறையும், இல்லாவிட்டால் காயும். அப்படிப்பட்ட சீமையில் அந்நியச் செலாவணி வங்கிக்கு முதல் நாளே என்ன வேலை?

பணம் அங்கே இருந்தது என்பதுதான் விடை. கடைத்தெருவில் இருந்த பணம் அல்ல அது. வீடுகளில் இருந்த பணம். கோயில் பெயரிலும், ஆச்சிமார் பெயரிலும், பிறந்து சில மாதமே ஆன குழந்தைகள் பெயரிலும் இருந்த பணம். காலனிக் காலத்து வங்கியரின் வாழ்க்கையை எழுத வருகிறவர்கள் இந்த வீட்டுக்குள் நுழையாமல் இரங்கூன் தெருவிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். குடும்பத்தை அவர்கள் கடைசி அத்தியாயத்தில், மாளிகைப் படங்களோடு சேர்த்து வைத்துவிடுகிறார்கள். செட்டிநாட்டு வணிகரான நகரத்தாரைப் பொறுத்தவரை குடும்பம்தான் கடையின் முதல். அதைத் தனியே எடுத்து வைத்தால் கணக்கு ஒட்டாது.

சிதம்பரம் செட்டியாரையே எடுத்துக்கொள்வோம். கானாடுகாத்தானில் வேர்கொண்ட குடும்பம். 1908 ஆகஸ்டு 2ஆம் தேதி பிறந்தவர். தந்தை சர் முத்தையா செட்டியார் லேவாதேவியில் பெரும்புள்ளி. சென்னைப் புரசைவாக்கத்தில் பள்ளி நிறுவியவர். 1929இல் தந்தை மறைந்தபோது மகனுக்கு வயது இருபத்தொன்று. அந்த ஆண்டை நினைவில் வையுங்கள். உலகச் சந்தை சரியத் தொடங்கிய ஆண்டு அது. அடுத்த ஆண்டிலேயே பர்மாவில் நெல் விலை விழுந்தது. ஓர் இளைஞர் தலையில் குடும்பத்தின் விலாசம் இறங்கியது அந்த நேரத்தில்.

விலாசத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். எம்.சி.டி.எம். என்பது பெயருக்கு முன்னால் போடும் வெறும் எழுத்துகள் என்று வெளியூர் ஆய்வாளர்கள் கடந்து போய்விடுகிறார்கள். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து அந்தக் குடும்பத்தின் தொழில் முத்திரையாக நிற்கின்றன. பேரனுக்குப் பாட்டனார் பெயரை வைப்பது வழக்கம். ஆகவே முத்தையாவின் மகன் சிதம்பரம், அவர் மகன் முத்தையா என்று பெயர்கள் மாறிமாறி வருகின்றன. ஆள் போய்விடுவார், விலாசம் நிற்கும். சென்னையில் எழுதிய உண்டியல் பினாங்கிலோ சைகோனிலோ போய்ச் சேரும்போது அங்கே அதை வாங்குகிறவர் எழுதியவர் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார். விலாசத்தைப் பார்த்துப் பணத்தை எண்ணி வைப்பார். ஆண் வாரிசு இல்லாத வீடுகளில் பிள்ளை கூட்டிக்கொண்டதை, அதாவது சுவீகாரம் எடுத்ததை, சொத்துக்காகவும் கொள்ளி போடுவதற்காகவும் என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை. விலாசம் அறுந்தால் அதன்மேல் வைத்த நம்பிக்கையும் அறும். அதை நம்பி வைத்த வைப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்கும். அந்தப் பயம் சுவீகாரத்துக்குப் பின்னால் இருந்தது. எந்த வீட்டுக்கு எந்த வீட்டுப் பிள்ளை எப்போது போனது என்பதை, அந்த வீட்டுக் கடைகளின் ஐந்தொகையோடு, அதாவது இருப்புநிலைக் கணக்கோடு, பக்கத்தில் வைத்து யாராவது படித்துக் காட்டினால் பெரிய தொண்டாக இருக்கும்.

இனி வீட்டுக்குள் போவோம்.

நகரத்தார் சமூகத்தில் கணக்கின் அலகு தனி ஆள் இல்லை. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்ற ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றில் திருமணம் பதிவாகும்போது, கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி ஆகிறார்கள். புள்ளி வரி கட்டுகிறார்கள். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிக் கோயில் மாலை வந்த பிறகுதான் திருமணம் திருமணம் ஆகிறது. வங்கியர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை அவர் ஒருவர் பெயரை மட்டும் வைத்து எழுத முடியாது என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அந்தச் சமூகமே அவரைத் தனியாக எண்ணவில்லை.

திருமணம் முடிந்ததும் வேறு வைக்கிறார்கள். வளவு ஒன்றுதான், முகப்பும் பட்டாலையும் பொதுதான். ஆனால் இரண்டாம் கட்டில் புது மருமகளுக்குத் தனி அறை, தனி அடுப்பு. ஆண்டுக்கு இத்தனை மூட்டை நெல், இத்தனை பருப்பு, இத்தனை எண்ணெய் என்று அளந்து கொடுப்பார்கள். பெரிய கூரையின் கீழ் ஒவ்வொரு இளம் தம்பதியும் தங்கள் வரவு செலவைத் தாங்களே எழுதத் தொடங்குகிறார்கள். அந்தக் கணக்கை எழுதுவது யார்? ஆண் மூன்று ஆண்டுத் தவணைக்குக் கடல் கடந்து கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்த, போய்விடுகிறார். பினாங்கிலும் மோல்மேனிலும் கிட்டங்கி என்ற கடைக்கூடத்தில் பாயை விரித்துப் படுத்திருக்கிறார். வீட்டில் அளந்து, எழுதி, கொடுத்து, வாங்கி, வட்டி கணக்கிட்டுக்கொண்டிருப்பவர் ஆச்சி.

முறைச்சிட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், தமிழ் ஆண்டின் பெயர், மாதம், தேதி. அதன்கீழ் பெண்ணுக்குக் கொடுத்த சாமான்கள் வரிசையாக: வெள்ளி, பித்தளை, மங்கு, பர்மா அரக்குப் பெட்டிகள், பாய், தலையணை, அரிவாள்மணை, துடைப்பம் வரை. சாமான் பரப்பியபோது ஊர் பார்த்தது அதை. நம் அருங்காட்சியகங்கள் பார்ப்பதும் அதைத்தான். ஆனால் அந்தப் பட்டியலோடு ரொக்கமாகச் சீர்ப்பணம் என்று ஒரு தொகை இருக்கும். அந்தத் தொகை பெட்டகத்தில் படுத்துக் கிடக்காது. தெரிந்த விலாசம் ஒன்றில் பெண்ணின் பெயரில் தவணை வட்டிக்குப் போகும். வட்டி முதலோடு சேரும், சேர்ந்த முதல் மறுபடி வட்டி ஈனும். அவள் பெற்ற பெண்ணுக்குத் திருமணம் ஆகும்போது அந்தப் பணம் பெருகி அடுத்த சீராகக் கிளம்பும். சாமானைப் பார்த்து வியந்தவர்கள் இந்த ஓட்டத்தைக் கவனிக்கவில்லை. லேவாதேவிக் கடைகளின் முதலைப் பிரித்துச் சொல்லும்போது சொந்த முதல் ஒரு பக்கம், பிறர் வைத்த மேற்பணம் ஒரு பக்கம். அந்த மேற்பணத்துக்குள் கோயில் பணம், ஆச்சிமார் பணம் என்ற தலைப்புகள் இருந்தன. ஆச்சிமார் பணம் என்ற அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை வீடுகள், எத்தனை கல்யாணங்கள்! ஐராவதி முகத்துவாரத்தில் ஏதோ ஒரு விவசாயி விதைநெல்லுக்குக் கடன் வாங்கியபோது, அவர் கையில் விழுந்த ரூபாயில் செட்டிநாட்டுப் பெண் ஒருத்தியின் சீர்ப்பணம் கலந்திருந்தது. இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. பேரேடுகளில் வரவு வழியே பின்தொடர்ந்து நிறுவக்கூடிய செய்தி.

கடைக்குள் வேலை நடந்த முறையைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் விரைந்து சொல்கிறேன். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிகள். சம்பளச் சீட்டு எழுதி மூன்று ஆண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்னதாகவே ஊரில் குடும்பத்துக்குக் கிடைக்கும். நடப்பு வட்டியை இரங்கூன் மொகல் தெருச் செட்டியார் கோயிலில் மாதந்தோறும் கூடி நிர்ணயித்தார்கள். சாமி சன்னிதியில் சொன்ன வட்டி பர்மா முழுவதும் செல்லுபடியானது. ப. சிங்காரம் மேடானில் வட்டிக்கடை ஒன்றில் வேலை பார்த்தவர். அவருடைய நாவல்களில் இந்த மனிதர்கள் நடமாடுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். அறிக்கைகளில் எண்களாக நிற்கும் அடுத்தாள்களுக்கு அவர் பசியும் ஊர் நினைப்பும் கொடுத்தார்.

பர்மாவின் எண்களைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு ஆராய்ந்தபோது அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐரோப்பாவுக்குப் பர்மா அரிசி பெருகிப் போனது. கீழ்ப் பர்மாவின் காடும் சதுப்பும் வயலாக மாறின. அந்த மாற்றத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் நம்மவர்கள். ஆங்கிலேய வங்கிகள் விவசாயியிடம் போகவில்லை. செட்டியாருக்குக் கொடுத்தன, செட்டியார் விவசாயிக்குக் கொடுத்தார்.

பிறகு நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 விழுக்காடு. 1938க்குள் அது 25 விழுக்காடு. செட்டியார்கள் நிலம் தேடிப் போகவில்லை, பணம் தேடிப் போனவர்கள் என்று நாம் சொல்வது உண்மைதான். நிலம் கைக்கு வந்தது அவர்களுக்கே பெரும் சுமையாயிற்று. விற்க ஆளில்லை, முதல் முடங்கியது. ஆனால் அந்தக் கால் பங்கு நிலத்தை இழந்தவர்களும் குடும்பங்கள்தாம். குடும்ப வரலாறு எழுதப்போகிறோம் என்று கூடிய இந்த அவையில் அந்தப் பர்மிய வீடுகளை மறந்துவிட்டு நாம் எழுதினால் அது வரலாறாக இருக்காது, வீட்டுப் பெருமையாக இருக்கும். அந்தப் பர்மியக் குடும்பத்துப் பெண்ணின் நகையும் ஈடாக நம் கடைப்பெட்டிக்குள் வந்தது. இரண்டு வீட்டுப் பெண்களின் சொத்தும் ஒரே பேரேட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் கிடக்கின்றன. அந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படிக்கும் நேர்மை நமக்கு வேண்டும். பர்மிய மொழி கற்ற தமிழ் மாணவர் ஒருவராவது இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

இந்தப் பின்னணியில் 1937ஐ மறுபடி பாருங்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதத்துக்கும் குறைவான காலம் முன்பு இந்தியன் ஓவர்சீஸ் வங்கி பிறக்கிறது. நேற்று வரை ஒரே ஆட்சிப் பரப்பாக இருந்தது நாளை அந்நிய நாடு. சிதம்பரம் செட்டியார் காலத்தைச் சரியாகக் கணித்திருக்கிறார் என்று எல்லாரும் எழுதுவார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் அவர் செய்ததில் அதைவிட ஆழமான ஒரு மாற்றம் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

பழைய லேவாதேவியில் கடையின் கடன் குடும்பத்தின் கடன். அன்றைய இந்துச் சட்டப்படி தகப்பன் பட்ட கடன் மகனையும் தொடர்ந்து வரும். கூட்டுக் குடும்பச் சொத்தை அது பற்றும். கடை நொடித்தால் வளவு வீட்டின் தேக்குத் தூணும் கூடப் போகும். 1906 அக்டோபர் 22ஆம் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவடைத்ததைப் பார்த்த தலைமுறை அது. அதுவும் தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு குடும்பத்தின் பெயரால் நடந்த நிறுவனம். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் பிறகு கடுங்காவல் சிறைக்குப் போனார். ஓய்வூதியக்காரர்களும் கைம்பெண்களும் போட்ட பணம் போயிற்று. அந்தக் காயத்திலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முயற்சியில், நகரத்தார் ஆதரவோடு 1907 ஆகஸ்டு 15ஆம் தேதி இந்தியன் வங்கி தொழில் தொடங்கியது. முப்பது ஆண்டு கழித்துச் சிதம்பரம் செட்டியார் தம் குடும்பத்தின் தொழிலையே பங்கு நிறுவனமாக்கினார். விலாசத்துக்கும் வீட்டுக்கும் நடுவே சட்டம் ஒரு சுவரை எழுப்பியது. வங்கி விழுந்தாலும் வீடு விழ வேண்டியதில்லை; வீட்டில் தகராறு வந்து பாகம் பிரித்தாலும் வங்கியின் பேரேடு பிரியாது. காரைக்குடியில் கிளை திறந்ததை இந்த இடத்தில் வைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன். ஆச்சிமார் பணத்தைத் தெரிந்த விலாசத்திலிருந்து எடுத்து, பதிவு பெற்ற நிறுவனத்தில் வைக்கும்படி அந்தக் கிளை கேட்டது. கொடுத்தார்கள். கேட்டவர் தெரிந்த விலாசத்துக்காரர் என்பதால் கொடுத்தார்கள்.

போர் வந்தது. 1941 டிசம்பர் 23ஆம் தேதி இரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள். வழியிலேயே முடிந்துபோனவர்கள் ஆயிரக்கணக்கில். செட்டிநாட்டு வீடுகளில் அந்த மாதங்களில் கடிதம் வராத நாள்களைப் பற்றி இன்றும் பேசும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதிவைக்க நமக்கு அதிகக் காலம் இல்லை. தயவுசெய்து காத்திருக்காதீர்கள். சுதந்திர பர்மாவில் 1948இல் நிலத் தேசியமயச் சட்டம். 1963இல் வங்கிகள் தேசியமயம். ஒரு பெரிய கணக்கு ஐந்தொகை முடிக்கப்படாமலே மூடப்பட்டது.

சிதம்பரம் செட்டியார் அதையெல்லாம் முழுதாகப் பார்க்க இருக்கவில்லை. வங்கியோடு யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனங்களையும், கேரளத்தில் திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலையையும் வளர்த்துக்கொண்டிருந்த நிலையில், 1954 மார்ச் 13ஆம் தேதி, அவர் வந்த விமானம் சிங்கப்பூர்க் கல்லாங் நிலையத்தில் இறங்கும்போது விபத்துக்கு உள்ளானது. 33 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அவர். வயது நாற்பத்தைந்து. பாட்டன்மார் பாய்மரக் கப்பலில் போய் மூன்றாண்டு கழித்துத் திரும்பிய கடல்வழியை அவர் விமானத்தில் ஒரு சில மணி நேரத்தில் கடந்துகொண்டிருந்தார். சென்னை அண்ணா சாலையில் 14 மாடியோடு நிற்கும் எல்.ஐ.சி. கட்டடம் அவருடைய யுனைடெட் இந்தியாவுக்காகத் திட்டமிடப்பட்டது. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆயிற்று. 1959இல் கட்டடம் திறந்தபோது அதன்மேல் வேறு பெயர் இருந்தது. 1969 ஜூலையில் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையானபோது இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றில் ஒன்று. வீட்டையும் விலாசத்தையும் பிரிக்க அவர் எழுப்பிய சுவர், கடைசியில் விலாசத்தை முழுவதுமாக அரசின் பக்கம் நிறுத்திவிட்டது. வைப்பு வைத்த ஆச்சிமாரின் பணத்துக்கோ எந்தக் குறையும் வரவில்லை. அந்தச் சட்ட அமைப்புக்காக அவருக்கு நாம் நன்றி சொல்லியாக வேண்டும்.

ஆய்வாளர்களுக்கு இரண்டொரு வேண்டுகோள். வங்கிகளின் ஆண்டறிக்கையையும் விசாரணைக் குழுக்களின் தொகுதிகளையும் படிப்பது எளிது, அவை நூலகங்களில் அச்சில் கிடைக்கின்றன. அவற்றோடு நின்றுவிடாமல், இரங்கூனிலிருந்து வந்த, ஏ.கே. செட்டியார் ஆசிரியராக இருந்த தனவணிகன் இதழ்களைத் தேடுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா, மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய திருமண அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் கூடச் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பு சென்னைக்கு வந்து ஆய்வு நூலகமாக நடக்கிறது. அழைப்பிதழில் இரு வீட்டு விலாசங்களும் ஊர்களும் இருக்கின்றன. எந்த விலாசம் எந்த விலாசத்தோடு சம்பந்தம் செய்தது என்ற வரைபடத்தை அதிலிருந்தே போடலாம். கடன் போன வழியும் சம்பந்தம் போன வழியும் எவ்வளவு தூரம் ஒன்றாகப் போகின்றன என்பது அப்போது தெரியும்.

குடும்பத்தாருக்கு ஒன்று. வளவைப் பிரித்து விற்கும்போது தூணுக்கும் கதவுக்கும் விலை பேசுகிறீர்கள்; பரணில் கிடக்கும் ஏடுகள் பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போகின்றன. பாட்டியார் எழுதிய மொய்ப்பண ஏட்டில் பெருமையான செய்தி ஒன்றும் இல்லை, யாருக்கு இது வேண்டும் என்று கேட்கிறீர்கள். எங்களுக்கு வேண்டும். தமிழ் இலக்கத்திலும் பின்னக் குறியிலும் எழுதியிருக்கிறது, எங்களுக்கே படிக்கத் தெரியவில்லை என்று சொன்னால், படித்துச் சொல்ல இந்த அவையில் ஆள் இருக்கிறார்கள். கொடுக்க மனமில்லை என்றால் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். வீட்டுக் கடன், பாகத் தகராறு போன்றவை வெளியே தெரியவேண்டாம் என்றால் பெயரை மறைத்து எழுதும் ஒழுக்கத்தை எங்கள் மாணவர்கள் காப்பார்கள். அதற்கு நான் பொறுப்பு.

முதல் அமர்வில் முறைச்சிட்டைகளையும் சீர்ப்பணக் கணக்குகளையும் பற்றி மூன்று கட்டுரைகள் வாசிக்கப்படுகின்றன. மூன்றையும் எழுதியவர்கள் இளைய ஆய்வாளர்கள், மூவரும் பெண்கள். அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.